காண்பனவும் அறிவனவும்

சென்ற ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, நம் மன்றச் செயலாளர் என் விடுதி அறைக்கு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மேசைமேல் கிடந்த நூல்களை ஒரு முறை பார்த்தார். "ஞாயிறு வகுப்புக்கு ஆள் வேண்டும். பிள்ளைகளுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும்" என்றார். நான் வேதியியல் மாணவன். கதை எழுதியதும் இல்லை. எழுதக் கற்றுக்கொடுத்ததும் இல்லை. அதை அவரிடம் சொன்னேன். "தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் அல்லவா? அது போதும்" என்று சொல்லி எழுந்துவிட்டார். மன்றச் செயலாளர்கள் எல்லோருமே இப்படித்தான் போலும்!

ஞாயிறு வகுப்பை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். தெற்குத் தில்லியில் தமிழ்க் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் ஒரு குடியிருப்பு. அங்கே கோயிலை ஒட்டி ஒரு சிறு கூடம். ஞாயிறுதோறும் காலை 10 மணிக்குப் பதினான்கு பிள்ளைகள் வருகிறார்கள். பத்து வயது முதல் பதின்மூன்று வயது வரை. சிலருடைய தந்தையர் அரசு அலுவலகங்களில் பணி புரிகிறவர்கள். சிலருடைய தாய்மார் அப்படிப்பட்ட வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைப்பவர்கள். கூடத்துப் பாயில் இரு சாராருடைய பிள்ளைகளும் ஒன்றாகவே உட்காருகிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து எல்லோருக்கும் தெரியும். ஆனால் ல, ள, ழ மூன்றும் அவர்களுக்கு ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

முதல் நாள் ஆளுக்கொரு சிறு கதை எழுதச் சொன்னேன். அரை மணி நேரம் கூடம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு சிறுவன் தலையைத் தூக்கி, "அண்ணா, 'உதாஸ்' என்பதற்குத் தமிழில் என்ன?" என்று கேட்டான். "வருத்தம்" என்றேன். எழுதிக்கொண்டான். அவன் எழுதிய கதை இதுதான்: ராஜுவின் நாய் தொலைந்துவிட்டது. ராஜு மிகவும் வருத்தமாக இருந்தான். நாய் கிடைத்துவிட்டது. ராஜு மிகவும் சந்தோஷமாக இருந்தான். பதினான்கு கதைகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. நாய்க்குப் பதிலாக ஒன்றில் பந்து, இன்னொன்றில் பென்சில் பெட்டி, மற்றொன்றில் தங்கை.

சொற்கள் போதாமையால்தான் இப்படி எழுதுகிறார்கள் என்று நான் எண்ணினேன். அடுத்த ஞாயிறன்று கரும்பலகையில் பதினெட்டுச் சொற்களை வரிசையாக எழுதிப் போட்டேன். துயரம், ஏக்கம், தவிப்பு, கலக்கம், மனக்கசப்பு, பூரிப்பு என்று நீண்ட பட்டியல் அது. பிள்ளைகள் அழகாகப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு வந்த கதைகளில் ராஜு துயரமும் கலக்கமும் தவிப்பும் ஒருங்கே அடைந்தான். வீட்டில் தமிழ் வார இதழ்கள் வாங்கும் ஒரு சிறுமி மட்டும் எல்லோரையும் மிஞ்சி, ராஜு சோகக் கடலில் மூழ்கினான் என்று எழுதியிருந்தாள்.

"அந்தக் கடலில் ராஜு என்ன செய்துகொண்டிருந்தான், அம்மா?" என்று கேட்டேன்.

"மூழ்கிக்கொண்டிருந்தான், அண்ணா" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. நான் கொடுத்தவை பெயர்கள். பெயர்களை வாங்கிக்கொண்டு பெயர்களையே திருப்பித் தந்தார்கள். அந்தப் பெயருக்குரியவனை அவர்களும் பார்க்கவில்லை. நானும் அவர்களைப் பார்க்க வைக்கவில்லை.

அந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய நினைவு வந்தது. நான் மேல்நிலை வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். உப்பைப் பகுப்பாய்வு செய்யும்போது ஏட்டில் மூன்று பத்திகள் வரைவோம்: சோதனை, காண்பன, அறிவன. முதல் பத்தியில் நாம் செய்தது. இரண்டாவதில் கண்ணும் மூக்கும் உணர்ந்தது. மூன்றாவதில் அதைக் கொண்டு நாம் செய்த முடிவு. ஒரு நாள் என் குழாயில் அம்மோனியாக் கரைசலை விட்டதும் அழகிய கருநீலம் தோன்றியது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. காண்பன என்ற பத்தியிலேயே "தாமிரம் உள்ளது" என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். "தாமிரத்தையா கண்டாய்? நீலத்தைத்தானே கண்டாய்! கண்டதை இங்கே எழுது. தாமிரத்தை அடுத்த பத்திக்கு அனுப்பு" என்றார்.

என் பதினான்கு பிள்ளைகளும் செய்துகொண்டிருந்தது அன்று நான் செய்த அதே பிழைதான். வருத்தம், கோபம், பயம் எல்லாம் அறிவன. அவை வாசகனுடைய பத்தி. எழுதுகிறவன் நிரப்ப வேண்டியது காண்பன என்ற பத்தியை. அவனோ அதை வெறுமையாக விட்டுவிட்டு, வாசகனுடைய பத்தியில் போய் எழுதிவிடுகிறான். பிறகு வாசகனுக்கு வேலை ஏது?

மறு ஞாயிறு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து நடுவில் மடிக்கச் சொன்னேன். இடப்பக்கத்துக்குக் காண்பன என்று பெயர், வலப்பக்கத்துக்கு அறிவன. வலப்பக்கத்தில் ஓர் உணர்ச்சியின் பெயரை எழுதி, அதைப் பின்புறமாக மடித்து மறைத்துவிட வேண்டும். இடப்பக்கத்தில் அந்த உணர்ச்சியில் இருக்கும் ஒருவன் என்ன செய்கிறான் என்று மட்டும் எழுத வேண்டும். பெயரைச் சொல்லக் கூடாது. பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் படித்துவிட்டு, மறைந்திருக்கும் சொல் எது என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் எழுதியவருக்கு ஒரு மதிப்பெண். சொன்னவருக்கும் ஒரு மதிப்பெண்.

விளையாட்டு என்றதும் பிள்ளைகள் சுறுசுறுப்பானார்கள். நாய் தொலைத்த கதை எழுதிய அதே சிறுவன் இப்படி எழுதினான்: "அவன் மார்க்குத் தாளை நாலாக மடித்தான். சாக்ஸுக்குள் வைத்தான். பள்ளியிலிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. பால் பூத்தைச் சுற்றி வந்தான். வீட்டு வாசலில் அப்பா செருப்பு இருக்கிறதா என்று பார்த்தான்." படித்துக் காட்டியதும் பதின்மூன்று பேரும் ஒரே குரலில், "பயம்!" என்று கத்தினார்கள். அவன் தாளை விரித்துக் காட்டினான். பயம்தான். அவன் முகத்தில் அப்போது தோன்றியதை நான் இங்கே பெயர் சொல்லி எழுதக் கூடாது. அந்தத் தாளை அவன் யாரிடமும் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டான் என்று மட்டும் சொல்கிறேன்.

வழி கண்டுவிட்டோம் என்று நான் நினைத்தேன். அது அவ்வளவு எளிதாக முடியவில்லை. மூன்று நான்கு வாரங்களில் பிள்ளைகள் குறுக்கு வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வருத்தமா? கண்ணில் கண்ணீர் வந்தது. பயமா? நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. கோபமா? கண் சிவந்தது, பல்லைக் கடித்தான். ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஓர் அடையாளத்தை மனப்பாடம் செய்துகொண்டார்கள். முன்பு பெயரை எழுதினார்கள். இப்போது பெயருக்குப் பதிலாக அடையாள அட்டையை எழுதினார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

அப்போது நவம்பர் மாதம். தில்லியின் நவம்பரைப் பற்றி நம் மலரைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புகையும் பனியும் கலந்து, காலை 10 மணிக்கும் கூடத்துச் சன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரம் தெரியவில்லை. ஒரு சிறுமி தன் தாளில், "அவன் கண்களிலிருந்து கண்ணீர் வந்தது" என்று எழுதிப் பக்கத்துப் பையனிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டு, "பொல்யூஷன்" என்றான். இன்னொருவன் வெங்காயம் என்றான். வேறொருத்தி, "பரிசு கிடைத்தாலும் அழுவார்கள். எங்கள் அக்கா அழுதாள்" என்றாள்.

இதற்கும் என் பழைய ஏட்டில் விடை இருந்தது. உப்பு பச்சையாக இருக்கிறது என்பதனால் மட்டும் அது இன்ன உலோகம் என்று சொல்லிவிட முடியாது. நிக்கலும் பச்சை; இரும்பின் ஒரு வகை உப்பும் வெளிர்பச்சை; தாமிரத்தின் உப்புகளிலும் பச்சை உண்டு. நிறம் ஒரு குறிப்புத்தான். ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து, இறுதியில் உறுதிச் சோதனை ஒன்றைச் செய்த பிறகே அறிவன என்ற பத்தியில் பேனாவை வைக்கலாம். கண்ணீரும் அப்படியே. எப்போது வந்தது? எதைப் பார்த்து வந்தது? வந்தபோது கை எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது? துடைத்தானா, துடைக்காமல் விட்டானா, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பினானா? இவை சேர்ந்தால்தான் அந்தக் கண்ணீர் அவனுடைய கண்ணீர் ஆகும். இல்லாவிட்டால் அது ஊரார் எல்லோருடைய கண்ணீர்.

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதுபோல இதையெல்லாம் ஒரு நாள் உணவுக்கூடத்தில் பேசிக்கொண்டிருந்தேன். தமிழ் இலக்கியம் பயிலும் நண்பர் ஒருவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "இது தொல்காப்பியத்தில் இருக்கிறது" என்றார். எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை உடலால் எப்படி வெளிப்படுத்துகின்றன என்பது பற்றிச் சார்லஸ் டார்வின் 1872-இல் ஒரு தனி நூல் எழுதினார் என்பதை நான் அறிவேன். நம் மொழியின் மிகப் பழைய இலக்கண நூலில், பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் முழுவதும் அதைப் பற்றியது என்பதை அறியேன். அந்த இயலின் பெயரே மெய்ப்பாட்டியல். மெய் என்றால் உடம்பு. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் புலப்படுவது மெய்ப்பாடு.

நண்பர் எனக்கு அதை விளக்கினார். மெய்ப்பாடுகள் எட்டு. ஆனால் தொல்காப்பியர் எட்டோடு நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் களங்கள் நான்கு என்று வகுத்தார். அழுகை நான்கு காரணங்களால் வரும்: பிறர் இழிவாக நடத்துவதால் வரும், ஒன்றையோ ஒருவரையோ இழப்பதால் வரும், இருந்த நிலையிலிருந்து தாழ்வதால் வரும், வறுமையால் வரும். அச்சத்துக்கும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தமக்குத் தலைவராக இருப்பவர். மார்க்குத் தாளைச் சாக்ஸுக்குள் மறைத்த சிறுவனை அப்போது நினைத்துக்கொண்டேன். வாசலில் அவன் தேடிய செருப்பு நான்காவது வகையைச் சேர்ந்தது! கண்ணீர் ஒன்றுதான்; களங்கள் நான்கு. எந்தக் களத்தில் நிற்கிறான் என்று காட்டாமல் கண்ணீரை மட்டும் காட்டினால், அது வெங்காயமாகவும் இருக்கலாம், புகையாகவும் இருக்கலாம்.

பிள்ளைகளுக்குத் தொல்காப்பியத்தைச் சொல்லவில்லை. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' என்ற கதையைப் படித்துக் காட்டினேன். அந்தப் பெயர் கொண்ட தொகுதிக்கே 1970-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு, அவர் மறைந்த பின் கிடைத்தது. குழந்தைகளிடம் பிரியமாக இருக்கும் ஒருவர் சில பிள்ளைகளுக்குப் பரிசு தருகிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்கு ஒன்றும் தரவில்லை. அதைப் பெரிதாக நினைக்கவும் இல்லை. அந்தப் பையன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகிறான். கடைசியில் ஒரு டைரியை அவரிடம் நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரச் சொல்கிறான். அவ்வளவுதான். படித்து முடித்ததும் கூடத்தில் யாரும் பேசவில்லை. "அவனுக்கு எப்படி இருந்தது என்று கதையில் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். மார்க்குத் தாள் சிறுவன் சற்று யோசித்து, "எழுதவில்லை அண்ணா. டைரியில் இருக்கிறது" என்றான்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

பொங்கல் முடிந்த பின் வந்த ஞாயிறன்று, 'எங்கள் வீட்டில் ஒரு நாள்' என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அதிகம் பேச மாட்டாள். தூணோரம்தான் உட்காருவாள். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி, அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"விடியற்காலை நாலு மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. பாட்டி செத்துப்போய்விட்டது. அப்பா ரயிலுக்குக் கேட்டார். ரயில் போய்ச் சேர இரண்டு ராத்திரி ஆகும். சாயங்காலமே எடுத்துவிடுவார்கள் என்று மாமா சொன்னார். அம்மா போனைச் சார்ஜில் போட்டாள். தலை சீவிக்கொண்டாள். ஆறு மணிக்கு வேலைக்குப் போனாள். அன்றைக்கு நாலு வீட்டிலும் வேலை செய்தாள். சாயங்காலம் வந்து சோறு வைத்தாள். குழம்பில் உப்புப் போட்டாள். கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் உப்புப் போட்டாள். நான் பார்த்தேன், சொல்லவில்லை. அப்பா சாப்பிட்டார். நல்லா இருக்கு என்றார். இன்னும் கொஞ்சம் ஊற்று என்றார். தம்பி ஏதோ சொல்ல வந்தான். அப்பா அவனைப் பார்த்தார். தம்பியும் சாப்பிட்டான்."

வலப்பக்கத்தைப் பின்புறம் மடித்திருந்தாள். நான் அதைப் பிரித்துப் பார்த்தேன். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தொல்காப்பியரின் நான்கு களங்களில் இது எது என்று எனக்குத் தெரியவில்லை. இழப்புத்தான். ஆனால் பறந்து போகப் பணம் இருந்திருந்தால் அந்த அம்மாள் தாயின் முகத்தைப் பார்த்திருப்பார். ஆகவே வறுமையும்தான். அழுகை என்ற சொல் அதில் இல்லை. கண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. 2,000 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருக்கிறது. அதையும் அவள் எழுதவில்லை. உப்பை மட்டும் எழுதியிருந்தாள்.

அதை எல்லோருக்கும் படித்துக் காட்டலாமா என்று அவளிடம் கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். "அம்மாவுக்குத் தெரியாது அண்ணா, நான் பார்த்தது" என்றாள். தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுதும் எனக்கு மனம் சரியில்லை. பிள்ளைகளிடம் கண்ணால் பார், காதால் கேள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர்கள் யாரைப் பார்ப்பார்கள்? வீட்டில் உள்ளவர்களைத்தானே! ஒரு பெண் தன் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாமல் மறைத்துக்கொண்ட துயரத்தை அவள் மகள் தாளில் எழுதிக்கொண்டுவர நான் காரணமாகிவிட்டேன். சோதனைக் குழாய்க்கு வெட்கம் இல்லை; மனிதர்களுக்கு உண்டு. இதை நான் முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடியும் நேரத்தில் அந்தத் தாயே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து பல ஆண்டுகள் ஆகியும் பேச்சு மாறாதவர். கோபித்துக்கொள்ள வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து போனேன்.

"இவ எழுதுனத எனக்குப் படிச்சிக் காட்டுனா தம்பி" என்றார். "எனக்குப் படிக்கத் தெரியாது. இவதான் படிச்சா."

நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ரெண்டு தடவ உப்புப் போட்டது எனக்கே தெரியாது தம்பி. நான் அன்னிக்குச் சாப்பிடவே இல்ல. அத யாரும் எங்கிட்டச் சொல்லவும் இல்ல" என்றார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தோளிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேட்டாரே அந்த மனுஷன்!" என்று சிரித்தார்.

மகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். நான் துணிந்து, எங்கள் மலரில் இதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "பேர் போடாதீங்க" என்று மட்டும் சொன்னார். மகளும் தலையை ஆட்டினாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அதனால்தான் பெயர் எதுவும் இல்லை.

அன்று முதல் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறோம். வீட்டில் ஒருவரைப் பற்றி எழுதினால், முதலில் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் சம்மதித்தால்தான் கூடத்தில் படிக்கலாம். சில தாள்கள் இப்போது வகுப்புக்கு வருவதே இல்லை, வீட்டோடு நின்றுவிடுகின்றன. அவை வீணாகிவிட்டன என்று நான் நினைக்கவில்லை.

இதனால் என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலரைப் போல நானும் ஞாயிறு மாலை ஊருக்குப் பேசுவேன். என் தந்தை தையல்காரர். வீட்டுத் திண்ணைதான் கடை. நான் அம்மாவோடு பேசும்போதெல்லாம் பின்னால் தையல் இயந்திரம் ஓடும் ஓசை கேட்கும். "எப்படி இருக்கீங்க?" என்பேன். "நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கியா?" என்பார் அம்மா. "நல்லா இருக்கேன்" என்பேன். மூன்று ஆண்டுகளாக இதே பேச்சுத்தான். யோசித்துப் பார்த்தால், இருபுறமும் அறிவன மட்டுமே. காண்பன ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிறு பேசிக்கொண்டிருக்கும்போது ஏதோ குறைவது போல இருந்தது. பேசி முடித்துக் கைப்பேசியைக் கீழே வைத்த பிறகுதான் புரிந்தது. இயந்திரத்தின் ஓசை இல்லை. அதற்கு முந்தைய ஞாயிறும் இல்லை. அதற்கு முன்பும் கேட்டதாக நினைவில்லை. அப்பா எங்கே என்று கேட்டபோதெல்லாம் தூங்குகிறார் என்று அம்மா சொல்லியிருந்தார். மாலை 7 மணிக்குத் தூங்குகிற மனிதர் அல்லர் என் தந்தை. மீண்டும் அழைத்தேன். "மிஷின் சத்தம் கேக்கலையேம்மா, அப்பாவுக்கு என்ன?" என்றேன். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. "பரீட்சை முடியட்டும்னு இருந்தோம்பா" என்றார். அப்பா மிதிவண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. நான்கு வாரங்கள் ஆகியிருந்தன. நான்கு ஞாயிறுகளும் நான் "நல்லா இருக்கோம்" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருக்கிறேன்.

ஒரு பிள்ளை என்னிடம், "அப்படியானால் வருத்தம் என்று எழுதவே கூடாதா, அண்ணா?" என்று கேட்டதுண்டு. எழுதலாம் என்றேன். கண்டதைக் காட்டிய பிறகு பெயரையும் சொல்வதில் தவறு இல்லை. சில இடங்களில் சொல்லத்தான் வேண்டும். அன்று நான் சொன்னது கதையைப் பற்றி. இப்போது வீட்டையும் சேர்த்துக்கொள்கிறேன். கதையில் அறிவன என்ற பத்தியை வாசகனுக்கு விட்டுவிடலாம். அவன் நிரப்பிக்கொள்வான். வீட்டில் அப்படி விட்டுவிட முடியாது. அங்கே கண்டதை வைத்து வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டால் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் உப்பை யாரும் சொல்வதில்லை. அதில் பெரிய அன்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாளுக்கு அவருடைய கணவரின் அன்பு எப்போது தெரிந்தது? மகள் எழுதிப் படித்துக் காட்டியபோதுதான்.

சென்ற ஞாயிறு பேசியபோது பின்னால் தையல் இயந்திரம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஆயினும், "கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அப்பாவே கைப்பேசியை வாங்கி, பொத்தான் துளை தைக்கும்போது மட்டும் வலிக்கிறது என்றார். அவர் என்னிடம் வலி என்ற சொல்லைச் சொன்னது எனக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் முறை.

நண்பர்களே, வரும் மே மாதத்தோடு என் படிப்பு முடிகிறது. என்னோடு வகுப்பு நடத்தும் மற்றொருவருக்கும் முடிகிறது. ஞாயிறு வகுப்புக்கு இரண்டு பேர் வேண்டும். இலக்கியம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. இயற்பியலோ கணக்கோ பொருளாதாரமோ எதுவாக இருந்தாலும் சரி. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று செயலாளர் சொன்னதை நானும் சொல்கிறேன். காலை 9 மணிக்குக் கிளம்பினால் போய்ச் சேரலாம். போகும்போது ஒரு பக்கம் எழுதாத தாள்கள் கொஞ்சம் எடுத்துப் போங்கள். நடுவில் மடிப்பதற்குத் தாள் எப்போதும் போதுவதில்லை.